ஒரு எச்பி பெல்ட் லேத்துக்கு எந்த டூல் வைத்துக்கொள்வது?

கணபதி ஒர்க்‌ஷாப்:

எல்லாருக்கும் வணக்கம். கோவை கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறேன். ராஜ்கோட்டில் செய்த பழைய நாலரை அடி பெல்ட் லேத் (கடைசல் மெஷின்) ஒன்று இருக்கிறது. மோட்டார் ஒரு எச்பி. ஸ்டெப் புல்லியில் பெல்ட்டை எங்கே மாற்றினாலும் வேகம் 550 ஆர்பிஎம்முக்கு மேல் போகாது.

வருகிற வேலை பெரும்பாலும் டிரெய்லர், பவர் டில்லர் லிங்க் பின்கள். இஎன்8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) ராடு, 25 முதல் 40 மி.மீ. வரை. அப்புறம் காஸ்ட் அயர்ன் புல்லி போர் அடிப்பது (துளையைக் கடைந்து பெரிதாக்குவது), பம்ப் ரிப்பேர்க்காரர்கள் கொண்டுவரும் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ், எப்போதாவது எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). சாவிக்காடி (சாவி உட்காரும் நீளக் காடி) வெட்டிய ஷாஃப்டை மேலே லேசாக எடுத்துத் தரச் சொல்லியும் கேட்பார்கள்.

மெஷினோடு ஒரு பிசிஎல்என்ஆர் 2020 ஹோல்டரும் (20 மி.மீ. சதுர டூல் பிடி), ஒரு பெட்டி சிஎன்எம்ஜி 120408 இன்சர்ட்டும் (ஹோல்டரில் மாட்டும் கார்பைடு வெட்டுத் துண்டு) கிடைத்தன. இஎன்8-ல் 2 மி.மீ. டெப்த் (வெட்டும் ஆழம்), 0.2 ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் மி.மீ.) கொடுத்தால் பெல்ட் வழுக்குகிறது. டெப்த்தை 0.3-க்குக் குறைத்தால் பரப்பு பஞ்சு பிய்த்தது மாதிரி வருகிறது, சைஸும் நிற்பதில்லை. சாவிக்காடி ஷாஃப்டில் இன்சர்ட் மூக்கு உடைந்துவிடுகிறது. பார்ட்டிங் (ராடை அறுத்துத் துண்டாக்குவது) போட்டால் லேத்தே கத்துகிறது.

எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டுக்கே போய்விடு என்கிறார் பக்கத்துப் பட்டறை அண்ணன். கடையிலோ இன்சர்ட்டை விட்டால் வேறு வழியில்லை என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?


ஆவாரம்பாளையம் டர்னர்:

தம்பி, பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஒரு எச்பி, 550 ஆர்பிஎம். டூல் கடையில் என்ன மெட்டீரியல் என்று கேட்பார்கள், என்ன சைஸ் என்று கேட்பார்கள். என்ன மெஷின் என்று கேட்ட கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதை நாம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 30 மி.மீ. ராடு 550-ல் சுற்றினால் வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 52 மீட்டர் வருகிறது. இஎன்8-ஐ வெட்ட ஒரு சதுர மி.மீ.க்குச் சுமாராக 2200 நியூட்டன் விசை வேண்டும். உங்கள் 2 மி.மீ. டெப்த்தை 0.2 ஃபீடால் பெருக்கினால் 0.4 சதுர மி.மீ. ஆக, டூல் முனைமேல் 880 நியூட்டன், அதாவது 90 கிலோ உட்கார்கிறது. அதை 52 மீட்டர் வேகத்தில் தள்ள 0.76 கிலோவாட் வேண்டும். ஒரு எச்பி என்பதே 0.75 கிலோவாட்தான். நடுவில் பெல்ட்டும் பேரிங்கும் தின்பது வேறு. பெல்ட் வழுக்காமல் என்ன செய்யும்? பெல்ட்டை இன்னும் இழுத்துக் கட்டாதீர்கள், ஸ்பிண்டில் புஷ்தான் தேயும்.

அடுத்தது அந்த இன்சர்ட். சிஎன்எம்ஜி என்பதில் இரண்டாவது எழுத்து 'என்'. இன்சர்ட்டுக்குப் பக்கச் சரிவு சுழி என்று அதற்குப் பொருள். சரிவு இல்லாத துண்டு ஜாப்பில் (வெட்டப்படும் பொருளில்) உரசாமல் இருக்க, ஹோல்டரே அதை ஐந்தாறு டிகிரி முன்னால் கவிழ்த்துப் பிடிக்கிறது. அதனால் ரேக் (முனையின் மேல்முகச் சாய்வு) நெகடிவ் பக்கம் போய்விடுகிறது. சிப் பிரேக்கர் பள்ளம் (சீவலை ஒடிக்கும் பள்ளம்) கொஞ்சம் ஈடுகட்டும், இருந்தாலும் அது இரும்பைச் சீவுவதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். போதாததற்கு விளிம்பைக் கம்பெனியிலேயே லேசாக மழுக்கித்தான் அனுப்புகிறார்கள், சீக்கிரம் உடையக் கூடாது என்று. பத்து எச்பி மெஷினில் 3 மி.மீ. டெப்த்தில் ஓடப் பிறந்த பொருள் அது. அங்கே அருமையாக ஓடும்.

0.3 டெப்த்தில் ஏன் பிய்க்கிறது? கடைசி 08 என்பது மூக்கு ஆரம், 0.8 மி.மீ. ஆரத்தில் பாதியைக்கூடத் தொடாத டெப்த் கொடுத்தால் மழுங்கின மூக்கு சரியாகக் கடிக்காது, தேய்த்துக்கொண்டே போகும். கடித்தால் கடிக்கும், இல்லாவிட்டால் ஏறிப் போகும். அதனால்தான் சைஸ் நிற்கவில்லை. இன்னொன்று, 50 மீட்டர் வேகம் கார்பைடுக்கு ரொம்பக் குறைவு. அந்த வேகத்தில் இரும்பு டூல் முனையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது பெயர்ந்து போகும்போது ஜாப்பின் மேல்பரப்பையும் பிய்த்துக்கொண்டு போகும். ஓட்டத்தை நிறுத்தி முனையை லென்ஸில் பாருங்கள், சின்ன மூக்குத்தி மாதிரி ஒரு மினுக்கல் ஒட்டியிருக்கும்.

ஆகவே இன்சர்ட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இந்த இன்சர்ட் வேண்டாம். சிசிஎம்டி 09டி304 வாங்குங்கள். இதில் இரண்டாவது எழுத்து 'சி', பக்கச் சரிவு 7 டிகிரி. இன்சர்ட்டிலேயே சரிவு இருப்பதால் ஹோல்டர் கவிழ்க்காது, வெட்டும் விசை கணிசமாகக் குறையும். ஆரம் 0.4. இரண்டு பக்கமும் திருப்ப முடியாது, நாலு முனைக்குப் பதில் இரண்டுதான் கிடைக்கும். அதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள். ஹோல்டர் எஸ்சிஎல்சிஆர், 16 சதுரம். 20 வாங்கிவிட்டால் உங்கள் மாதிரி மெஷின் சிலவற்றில் டூல் போஸ்ட்டில் பேக்கிங்கே வைக்காமலேயே முனை சென்டரை (ஜாப் சுற்றும் மைய உயரத்தை) தாண்டிவிடும். தாழ்ந்தால் தகடு வைத்து ஏற்றலாம், உயர்ந்தால் ஹோல்டரை மில்லிங்கில் சீவத்தான் வேண்டும்.

இனி எச்எஸ்எஸ். பக்கத்துப் பட்டறை அண்ணன் பாதி சரி. கன்மெட்டல், பார்ட்டிங், சாவிக்காடி ஷாஃப்ட், ஃபார்ம் டூல் (வேண்டிய வடிவத்துக்கே சாணை பிடித்த டூல்), இதற்கெல்லாம் உங்கள் மெஷினில் எச்எஸ்எஸ்தான். அரை அங்குல சதுர பிட், எம்2 என்ற சாதாரண ரகம் போதும். சாவிக்காடிக்கு மட்டும் 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காடி விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் சுத்தியல் அடி போடும். கார்பைடு கடினம், அடி தாங்காது. எச்எஸ்எஸ் தாங்கும். வேகத்தை மட்டும் 20 மீட்டருக்குக் கீழே வையுங்கள்.

சாணை பிடிப்பதைத்தான் எல்லாரும் பெரிய வித்தை மாதிரிப் பேசுகிறார்கள். இஎன்8-க்கு நான் பிடிப்பது இப்படி. முதலில் பக்கவாட்டு முகம், 8 டிகிரி சரிவு. பிட்டின் அடிப்பக்கம் கல்லைத் தொட்டு, வெட்டின கோடு மெல்ல மேலே ஏறி வரும். மேல் விளிம்பைத் தொட்டதும் தீப்பொறி விளிம்புக்கு மேலாகவும் தாவ ஆரம்பிக்கும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் பிட்டின் நீளம்தான் வீண். அப்புறம் முன்முகம், அதே 8 டிகிரி. மூன்றாவதாக மேலே ரேக், பக்கவாட்டில் 12 டிகிரி சரிய வேண்டும். மூக்கைக் கல்லில் உருட்டாதீர்கள், ஆயில் ஸ்டோனில் கையால் உருட்டுங்கள். மூன்று முகத்தையும் அதே ஸ்டோனில் மினுங்குகிறவரை தேய்த்துவிட்டால், ஓட்டத்தில் வித்தியாசம் காதிலேயே தெரியும். இடையிடையே தண்ணீரில் முக்கலாம், கை சுடும் முன்னால். நீலம் பாய்ந்துவிட்டால் பதறாதீர்கள். எச்எஸ்எஸ் சுமார் 600 டிகிரி சூடு வரை பதம் விடாது, நீலம் அதற்கு எவ்வளவோ கீழே. பழைய கார்பன் ஸ்டீல் உளிக்குச் சொன்ன பயத்தை இதற்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கன்மெட்டலுக்கு மேலே ரேக் வேண்டவே வேண்டாம், தட்டையாக விடுங்கள். இஎன்8-க்குப் பிடித்த டூலைக் கன்மெட்டலில் விட்டால் டூல் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பாகம்) லூஸாக இருந்தால் ஜாப்போடு கதை முடிந்தது. புஷ்ஷில் டிரில் போடும்போதும் இதே தொல்லைதான். டிரில்லின் வெட்டும் உதட்டை ஸ்டோனில் இரண்டு இழுப்பு இழுத்துத் தட்டையாக்கிவிட்டுப் போடுங்கள்.

காஸ்ட் அயர்னுக்குப் பழைய பிரேஸ் டிப் டூலே (கார்பைடு துண்டைப் பற்றவைத்த டூல்) போதும், கே20 ரகம். டிப் டூல் எல்லாம் ஒன்றுதான் என்று கடையில் பி30-ஐக் கையில் கொடுப்பார்கள். பி வரிசை ஸ்டீலுக்கு, நீலப் பெயின்ட். கே வரிசை காஸ்டிங்குக்கு, சிவப்புப் பெயின்ட். எண் குறைந்தால் தேய்மானம் தாங்கும், எண் கூடினால் அடி தாங்கும். புல்லி ஃபவுண்டரியிலிருந்து வரும்போது மேல்தோலில் மண்ணும், சட்டென ஆறிய கடினமும் இருக்கும். முதல் வெட்டே தோலுக்கு அடியில் போக வேண்டும், 2 மி.மீ.யாவது. தோலையே சுரண்டிக்கொண்டிருந்தால் எந்த டூலும் நிற்காது. காஸ்டிங்கின் விசை இஎன்8-ஐவிடக் குறைவு, மோட்டார் ஒத்துழைக்கும். கூலன்ட் வேண்டாம். வேலை முடிந்ததும் பெட்டை (லேத்தின் தண்டவாளத்தை) உலர்ந்த துணியால் துடையுங்கள். காஸ்டிங் தூளும் ஆயிலும் சேர்ந்தால் லாப்பிங் பேஸ்ட் (தேய்க்கும் பசை), உங்கள் பெட் சக்குக்கு (ஜாப்பைப் பிடிக்கும் தலைக்கு) பக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தால் முந்தைய ஓனர் துடைக்கவில்லை என்று அர்த்தம்.

டிப் டூலைச் சாணை பிடிக்க வெள்ளைக் கல் ஆகாது, பச்சைக் கல் வேண்டும். சூடான டிப் டூலைத் தண்ணீரில் முக்கவே கூடாது, விரிசல் விடும்.


ஓசூர் சிஎன்சி:

அண்ணன் சொன்னதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எச்எஸ்எஸ் மலிவு என்பது பிட் விலையைப் பார்த்தால்தான். ஒரு நாளில் எத்தனை முறை மெஷினை நிறுத்தி, பிட்டைக் கழற்றி, கல்லுக்குப் போய், திரும்பவும் சென்டர் பார்த்துக் கட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இன்சர்ட்டில் ஸ்க்ரூவைத் தளர்த்தி முனையைத் திருப்பினால் முடிந்தது. சென்டர் உயரமும் மாறாது. லிங்க் பின் ஐம்பது நூறு என்று ஆர்டர் வந்தால் எச்எஸ்எஸ்ஸில் கட்டுப்படியாகாது.

ஃபினிஷ் பற்றி. மேடு பள்ளத்தின் உயரத்தை ஒரு சின்னச் சூத்திரத்தில் கணக்கிடலாம். ஃபீடின் வர்க்கத்தை, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 0.4 ஆரத்தில் 0.2 ஃபீடு கொடுத்தால் 12.5 மைக்ரான் வரும். அதே ஆரத்தில் ஃபீடை 0.1 ஆக்கினால் 3 மைக்ரான். ஃபீடைப் பாதியாக்கினால் மேடு கால்வாசி ஆகிறது. ஆரத்தை 0.8 ஆக்கினால் பாதிதான் குறையும். ஆகவே ஃபினிஷ் வேண்டுமென்று பெரிய ஆரம் தேடாதீர்கள். ஆரம் கூடினால் ஜாப்பைக் குறுக்கே தள்ளும் விசையும் கூடும், உங்கள் நீளமான பின் நடுவில் வளைந்து அதிரும்.

ஆனால் ஃபீடை ரொம்பவும் குறைத்தால் சிப் உடையாது. இன்சர்ட் பெட்டியின் மேலேயே டெப்த் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, ஃபீடு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று அச்சடித்திருக்கும். பலரும் அதைப் படிப்பதே இல்லை. அந்த எல்லைக்குள் ஓடினால் சிப் ஆறு, ஒன்பது வடிவத்தில் ஒடிந்து விழும். கீழே போனால் நாடா நாடாவாக வந்து சக்கில் சுற்றும். நாடாவைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கி வைத்திருங்கள்.

கடைசி அரை மி.மீ. சுத்தமாக வர ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அலுமினியத்துக்கென்று வரும் சிசிஜிடி இன்சர்ட், பாலிஷ் போட்டு, விளிம்பைக் கூராகச் சாணை பிடித்தே வரும். அதே ஹோல்டரில் உட்காரும். சக்தி குறைந்த மெஷினில் ஸ்டீல் ஃபினிஷ் கட்டுக்கு நன்றாக ஓடுகிறது. ரஃபிங்குக்கு அதைப் போடக் கூடாது, சாவிக்காடிக்குக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது.

எஸ்எஸ் 304-க்கு மஞ்சள் நிற வரிசை, எம் கிரேடு. ஸ்டெயின்லெஸில் டூலைத் தேய விட்டால் அந்த இடம் இறுகிவிடும், அடுத்த வெட்டு அந்த இறுகின தோலில் மாட்டும். ஃபீடு 0.1-க்குக் கீழே வேண்டாம், டூலை ஜாப்பில் தொட்டபடி நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.


ஆவாரம்பாளையம் டர்னர்:

ஓசூர் தம்பி, நூறு பின் ஆர்டருக்கு நீங்கள் சொல்வது சரி. இவர் பட்டறைக்கு வருவது ஒரு புஷ், இரண்டு பின், ஒரு உடைந்த ஷாஃப்ட். அதில் பாதி நேரம் ஜாப்பைச் சக்கில் ஓட்டம் பார்த்துக் கட்டவே போய்விடும், பிட் சாணை பிடிக்கிற நேரம் அதில் தெரியாது. சாணை பிடிக்கத் தெரியாமல் ரிப்பேர் பட்டறை நடத்த முடியாது என்பது என் கட்சி. நாளைக்கே ஒருவர் விசித்திரமான காடி உள்ள சீல் வளையம் கொண்டுவருவார், அந்த வடிவத்தில் இன்சர்ட் எந்தக் கடையிலும் கிடைக்காது.

சிசிஜிடி விஷயம் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. பார்க்கிறேன்.


ஐடிஐ வாத்தியார்:

டர்னர் ஐயா விசைக் கணக்கைப் போட்டுவிட்டார். ஆயுள் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. பிட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறேன் என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தில்தான் தவறுகிறார்கள்.

ஃபிரெட்ரிக் டெய்லர் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் இரும்பைச் சீவிச் சீவி 1907-ல் வெளியிட்ட விதி இன்றும் நிற்கிறது. அதன்படி எச்எஸ்எஸ்ஸில் வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் டூல் ஆயுள் கால்வாசிக்கும் கீழே போய்விடுகிறது. ஒரு மணி நேரம் நின்ற முனை கால் மணி நேரம் நிற்காது. கார்பைடில் அதே 20 சதவீதத்துக்கு ஆயுள் சுமார் பாதியாகும். ஃபீடைக் கூட்டுவதாலோ டெப்த்தைக் கூட்டுவதாலோ ஆயுள் இவ்வளவு அடிபடாது. ஆகவே மோட்டாருக்குத் தெம்பு இருக்கிற வரை டெப்த்தைக் கூட்டுங்கள், அடுத்து ஃபீடு, வேகம் கடைசி. இஎன்8-ல் எச்எஸ்எஸ்ஸுக்கு 25 மீட்டர் போதும். 30 மி.மீ. ராடுக்கு அது 265 ஆர்பிஎம். 318-ஐ மீட்டரால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் ஆர்பிஎம். சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் பாதியானால் அதே டெப்த், அதே ஃபீடுக்கு வேண்டிய சக்தியும் பாதியாகிறது. உங்கள் பெல்ட் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். நேரம் இரட்டிப்பாகும் என்பதை மறைக்கவில்லை.

சிப்பின் நிறத்தைப் பார்க்கப் பழகுங்கள். எச்எஸ்எஸ்ஸில் ஸ்டீல் சிப் வெள்ளியாக வர வேண்டும், வைக்கோல் நிறம் வரை விடலாம். நீலமாக வந்தால் பிட் எல்லையில் நிற்கிறது. கார்பைடில் நீலமாக வந்தால் கவலையே இல்லை, பெரும் சூடு சிப்போடு வெளியே போகிறது என்று அர்த்தம். எச்எஸ்எஸ் முதலில் வந்த காலத்தில், 1900 பாரிஸ் கண்காட்சியில், முனை மங்கிய சிவப்பில் கனன்றுகொண்டே இரும்பை வெட்டுவதைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் நம்பவில்லை. அதை நம் பட்டறையில் செய்து பார்க்க வேண்டாம்.

கூலன்ட்டை மக்கில் மொண்டு மொண்டு கார்பைடு மேல் ஊற்றுகிற பழக்கம் நிறையப் பட்டறைகளில் இருக்கிறது. சூடான முனையில் விட்டுவிட்டு விழும் தண்ணீர் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். பம்ப் வைத்து விடாமல் ஊற்றுங்கள், இல்லையென்றால் உலர்வாகவே ஓட்டுங்கள்.


கணபதி ஒர்க்‌ஷாப்:

டர்னர் அண்ணா, ஓசூர் நண்பர், சார், மூவருக்கும் நன்றி. 90 கிலோ கணக்கைப் படித்ததும் பெல்ட் மேல் இருந்த கோபம் போய்விட்டது. எம்2 பிட் ஒன்று சாணை பிடித்து 30 மி.மீ. ராடில் 265-க்குப் பக்கத்து ஸ்டெப்பில் 2 மி.மீ. விட்டேன். பெல்ட் வழுக்கவில்லை, சிப் வெள்ளியாகச் சுருண்டு வந்தது. ஃபினிஷ் இன்னும் கொஞ்சம் பிய்கிறது.

பார்ட்டிங்குக்கு வழி சொல்லுங்கள் அண்ணா. சென்டர் உயரத்தை டெயில் ஸ்டாக் சென்டர் முனையோடு வைத்துக் கண்ணால்தான் பார்க்கிறேன். போரிங் பார் (துளைக்குள் நுழைந்து வெட்டும் தடி) ஒன்றும் வாங்க வேண்டும்.


ஆவாரம்பாளையம் டர்னர்:

பிய்வது முனையில் ஒட்டுவதால்தான். எச்எஸ்எஸ்ஸிலும் அது வரும், ரேக்கைக் கொஞ்சம் கூட்டி, ஸ்டோனில் இன்னும் மினுக்கி, ஃபினிஷ் கட்டுக்கு மட்டும் கட்டிங் ஆயிலைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போங்கள். அந்தக் கடைசி வெட்டுக்கு வேகத்தை இன்னும் பாதி ஆக்கினாலும் நல்லதுதான். சாப்பாட்டு நேரம் போகிறதே என்று பார்க்காதீர்கள்.

சென்டர் உயரத்துக்குக் கண்ணை நம்ப வேண்டாம். சக்கில் உருண்டை ராடு கட்டி, மெஷினை நிறுத்தி வையுங்கள். ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவே நிறுத்தி, கிராஸ் ஸ்லைடை மெல்லத் திருப்பி ஸ்கேல் விழாத அளவுக்கு மட்டும் கடிக்க விடுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சென்டர் சரி. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு ஃபேசிங் (ராடின் முகத்தைச் சமமாக்கும் வெட்டு) எடுத்துப் பாருங்கள், நடுவில் மொட்டு மிச்சம் நின்றால் இன்னும் சரியில்லை.

பார்ட்டிங்கில் கத்துவதற்கு டூலைவிட மெஷினில் இருக்கிற ஆட்டம்தான் காரணமாக இருக்கும். காம்பவுண்ட் ஸ்லைடை (டூல் போஸ்ட்டுக்கு அடியில் உள்ள சின்ன ஸ்லைடை) முழுக்க உள்ளே இழுத்து வையுங்கள், அதன் ஜிப்பை (ஆட்டத்தை எடுக்கும் பட்டையை) இறுக்குங்கள், சேடிலை (பெட் மேல் ஓடும் பாகத்தை) பெட்டோடு லாக் பண்ணுங்கள். பிளேடு 3 மி.மீ. அகலம் போதும். 30 மி.மீ. ராடுக்குப் பிளேடு 18 மி.மீ. நீட்டினால் போதும், கடையில் வந்த நீளத்துக்கே விட்டுவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரு டிகிரியாவது உள்ளே ஒடுங்க வேண்டும், அடியிலும் ஒடுங்க வேண்டும். பிளேடு ஸ்பிண்டிலுக்குச் சதுரமாக நிற்கிறதா என்று சக் முகத்தோடு வைத்துப் பார்த்துவிடுங்கள். சக் ஜாவுக்கு ஒட்டினாற்போல வெட்டுங்கள்.

வேகம் டர்னிங்கில் பாதி, ஆயில் தாராளமாக. அப்புறம் கைதான். கத்துகிறதே என்று பயந்து ஃபீடை நிறுத்துவார்கள், அங்கேதான் கத்தல் கூடும். பிளேடு தேயாமல் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே சீராகத் திருப்புங்கள். அப்படியும் கத்தினால் ஆர்பிஎம்மைக் குறையுங்கள், ஃபீடைக் குறைக்காதீர்கள். இரண்டு சென்டருக்கு நடுவே கட்டின ஜாப்பை முழுக்க அறுக்க மட்டும் முயல வேண்டாம். கடைசியில் அது மடிந்து பிளேடை நெரிக்கும், ஜாப் மேலே பறக்கும்.

போரிங் பார், துளையில் நுழைகிறதிலேயே பருமனானதை வாங்குங்கள். ஸ்டீல் பார் என்றால் விட்டத்தின் நாலு மடங்குக்கு மேல் நீட்டாதீர்கள். நீளம் இரட்டிப்பானால் வளைவு எட்டு மடங்கு. உங்கள் புல்லி போர் 25 மி.மீ. என்றால் 16 மி.மீ. பார். முனை சென்டருக்கு ஒரு மயிரிழை மேலே இருக்கட்டும். வெட்டும்போது பார் கீழே வளையும், அப்போது சரியாக வந்து நிற்கும். சிசிஎம்டி எடுக்கிற பாரே கேட்டு வாங்கினால் ஒரே பெட்டி இன்சர்ட் இரண்டுக்கும் ஆகும்.


கணபதி ஒர்க்‌ஷாப்:

சனிக்கிழமை கடைக்குப் போகிறேன் அண்ணா. 16 சதுர ஹோல்டர் ஸ்டாக் இல்லை, 12 சதுரம்தான் இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். அதை வாங்கி அடியில் பேக்கிங் வைத்தால் பரவாயில்லையா?


ஆவாரம்பாளையம் டர்னர்:

தாராளமாக வாங்கலாம். வெளியே நீட்டுவதை மட்டும் குறைவாக வையுங்கள். 12 சதுரத்தில் 06 இன்சர்ட் எடுப்பதும் வரும், 09 எடுப்பதும் வரும். 09 என்று கேட்டு, கடையிலேயே இன்சர்ட்டை உட்கார வைத்துப் பார்த்து வாங்குங்கள். பேக்கிங்குக்கு ஹேக்சா பிளேடு துண்டுகளை அடுக்க வேண்டாம். பெயின்ட் நசுங்கி உயரம் மாறிக்கொண்டே இருக்கும், பல்லும் சமமாக உட்காராது. நாலு மி.மீ. பட்டையில் ஹோல்டர் நீளத்துக்கே ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் பிசிறு எடுத்து, டூலோடு சேர்த்து ஒரு கம்பியில் கோத்து வைத்துவிடுங்கள்.